கண்ணில் விழுந்த பூ

'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். எத்தனை கொடுமையான விஷயத்துக்கு எத்தனை அழகான பெயர்! கருவிழியின்மேல் வெள்ளையாக ஒரு தழும்பு படர்கிறது, உலகம் மங்கிவிடுகிறது. அதற்குப் போய்ப் பூ என்று பெயர் வைத்தாளே, அந்தப் பாட்டி யாராக இருந்தாலும், துக்கத்தைக்கூட மங்கலமாகச் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பூ பெரும்பாலும் காயத்தாலும் கிருமியாலும் விழுகிறது. அது விழாமல் தடுப்பதற்கு மருந்து உண்டு, சொட்டு மருந்து. இருபதாம் நூற்றாண்டு மனிதனுக்குக் கொடுத்த வரங்களில் அது ஒன்று. ஆனால் நம் புராணங்களில் வரும் வரங்களைப் போலவே இந்த வரத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நிபந்தனையை மறந்தவர்களுக்கு, காக்க வந்த மருந்தே கருவிழிக்குப் பகையாகிவிடுகிறது. அந்த மருந்தின் சரித்திரத்தைத்தான் இங்கே கொஞ்சம் சொல்லப் பார்க்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு மருந்துக் கடையில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். பாடிப் பக்கம் ஒரு நாள் நடந்து பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

பாடி என்றால் படை தங்கும் இடம் என்று பொருள். எந்த அரசனின் படை அங்கே தங்கியதோ, இன்று அங்கே தங்கியிருப்பது இரும்புப் படை. ஊருக்குள்ளே திருவலிதாயம் என்ற பழைய சிவாலயம் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். மேற்கே சில மைல் போனால் திருமுல்லைவாயில். கண் விஷயத்தில் அந்தத் தலத்துக்கு ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி, இரண்டு கண்களையும் இழந்த சுந்தரர், வழி தெரியாமல் தட்டுத் தடுமாறி வந்து நின்ற இடங்களில் அது ஒன்று. அங்கிருந்து வெண்பாக்கம் போனார். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. கண் போவதற்கு ஒரு நொடி போதும். திரும்பி வருவதென்றால் தெய்வத்திடம்கூடத் தவணை முறைதான் போலிருக்கிறது!

1960-களில் இந்தப் பிரதேசத்தின் முகம் மாறிவிட்டது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., சுந்தரம் பாஸ்டனர்ஸ் என்று பெரிய ஆலைகள் பாடியில் எழுந்தன. பக்கத்திலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்தது. பெரிய ஆலமரத்தைச் சுற்றிச் சின்னச் செடிகள் முளைப்பது போல, தெருவுக்குத் தெரு சிறு பட்டறைகள் முளைத்தன. ஒரு லேத், ஒரு சாணைக்கல், ஒரு வெல்டிங் மிஷின், இரண்டு பையன்கள், இவ்வளவுதான் பட்டறை. சாணைக்கல்லில் இரும்பைப் பிடித்தால் பொறி பூவாணம்போல் பறக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கும். அந்தப் பூவாணத்தில் ஒரு பொறி கண்ணுக்குள் போய் உட்கார்ந்தால் போதும். பையனுக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

அடுத்து நடப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் வேலை செய்கிறவன் இமையைத் திருப்பிக் கைக்குட்டை நுனியால் துடைத்துவிடுவான். தூள் வந்தாலும் வரும். வராவிட்டாலும் இன்னொரு கீறல் நிச்சயம். பிறகு மருந்துக் கடை. "கண் செவப்புக்கு ஒரு டிராப்ஸ் கொடுங்க." கடைக்காரர் அலமாரியைப் பார்க்கிறார்; கண்ணைப் பார்ப்பதில்லை. இப்படிச் சுலபமாகக் கை மாறுகிற அந்தச் சின்னக் குப்பிக்குள் நூற்று நாற்பது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

சரித்திரத்துக்குள் போவதற்குமுன் கண்ணின் முன்வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம். கருவிழிக்குமேலே கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் ஒரு படலம் மூடியிருக்கிறது. டாக்டர்கள் அதைக் கார்னியா என்பார்கள். நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதிலே ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைத்துவிடுமே! தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வாங்கிக்கொள்கிறது. ஆகாரத்தில் பெரும்பகுதி கண்ணுக்குள்ளே இருக்கும் நீரிலிருந்து வருகிறது. அதன் மேற்புறத்தில் ஐந்தாறு அடுக்குச் செல்கள் ஒரு மெல்லிய தோலாக அமைந்திருக்கின்றன. அந்தத் தோல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல் உதிர, புதுச் செல் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து இடத்தை நிரப்புகிறது. அந்தத் தோல் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான கிருமிகள் உள்ளே நுழைய முடியாது. கீறல் விழுந்தால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். திறந்த கதவை மூடுவது அந்தத் தோலின் வேலை. மூடுவதற்குள் திருடன் புகாமல் காவல் நிற்பது மருந்தின் வேலை. இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எல்லாம் எளிதில் விளங்கும்.

காவல்காரன் முதன்முதலில் வெள்ளி வேஷத்தில் வந்தான். அந்தக் காலத்தில் பிரசவத்தின்போது தாயிடமிருந்து மேகநோய்க் கிருமி தொற்றி, பிறந்த சில நாட்களிலேயே குருடாகிவிடும் குழந்தைகள் ஐரோப்பாவில் ஏராளம். ஜெர்மனியில் லைப்சிக் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த கிரெடே என்ற டாக்டர், குழந்தை பிறந்தவுடன் ஒவ்வொரு கண்ணிலும் வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விட்டார். 1881-ல் அந்த முறையை உலகுக்கு வெளியிட்டார். நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் இருந்த நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. எத்தனை ஆயிரம் குழந்தைகள் அந்த ஒரு சொட்டினால் தாய் முகம் பார்த்தனவோ!

ஆனால் வெள்ளி நைட்ரேட் சுடும் சாமான். ஒரு சொட்டு விட்ட குழந்தைகளுக்கே ஓரிரு நாள் கண் சிவந்து வீங்கும். கரைசலின் காரம் தவறுதலாக ஏறிவிட்ட இடங்களில் கார்னியா வெந்து வெளுத்துப்போன சம்பவங்களும் உண்டு. பூ விழாமல் தடுக்க வந்த மருந்தே பூவைத் தூவிவிட்டுப் போனது. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இருப்பது ஒரு கோடுதான் என்ற பாடத்தைக் கண் வைத்தியம் அன்றே படித்துவிட்டது.

அடுத்த காவல்காரன் பூஞ்சைக் காளானிலிருந்து வந்தான். பென்ஸிலின் என்றவுடன் 1928-ம் ஆண்டும் பிளெமிங்கும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அதை முதன்முதலில் மனிதர்மேல் பிரயோகித்து வெற்றி கண்ட இடங்களில் ஒன்று கண் என்பது பலருக்குத் தெரியாது. பிளெமிங்கிடம் படித்த ஸெஸில் பெய்ன் என்ற இளம் டாக்டர், 1930-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில், பூஞ்சை வளர்த்த நீரை வடிகட்டி, சீழ்க் கண்ணோடு பிறந்த குழந்தைகளுக்கு விட்டார். கண் தெளிந்தது. நிலக்கரிச் சுரங்க மேலாளர் ஒருவரின் கண்ணில் கல் துணுக்குப் பாய்ந்து கிருமி பிடித்திருந்தது. அதுவும் இந்த மருந்தில் அடங்கியது. பாடிப் பட்டறைப் பையனுக்கு அந்தச் சுரங்கக்காரர் ஒரு வகையில் மூத்த பங்காளி. இத்தனையும் செய்த பெய்ன் அதைப் பத்திரிகையில் எழுதாமல் விட்டுவிட்டார்! எழுதாதவனுக்குச் சரித்திரத்தில் இடம் குறைவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதே 1930-களில் ஜெர்மனியில் டோமாக் என்ற விஞ்ஞானி இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, ஸல்பா மருந்துகளுக்கு வழி திறந்தது. அதற்காக 1939-ல் அவருக்கு நோபெல் பரிசு அறிவித்தார்கள். அந்த வம்சத்தில் வந்த 'ஆல்புஸிட்' சொட்டு மருந்து நம் நாட்டு வீடுகளில் வெகுகாலம் இருந்தது. கண்ணில் விட்டால் சுரீர் என்று எரியும். எரிந்தால்தான் மருந்து என்று அதற்கு மரியாதையும் இருந்தது. டோமாக் செய்த இரண்டாவது காரியம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பென்ஸால்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியை 1935-ல் அவர் அறிமுகப்படுத்தினார். சோப்பின் உறவுக்காரச் சரக்கு அது. அந்தப் பெயரைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் வில்லனாகவும் நல்லவனாகவும் இரட்டை வேஷம் போடப்போகிறவர் அவர்தான்.

யுத்தத்துக்குப் பிறகு மருந்துகள் மழைபோல் வந்தன. 1947-ல், வெனிஸுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோராம்பெனிக்கால் கிடைத்தது. மஞ்சள் முத்துப்போன்ற சின்ன மாத்திரையின் முனையைக் குத்திக் கண்ணில் பிதுக்குகிற 'குளோரோமைஸடின் அப்ளிகேப்ஸ்' நினைவிருக்கும் வாசகர்கள் இன்னும் இருப்பார்கள். 1949-ல் நியோமைஸின் வந்தது. அதன் நெருங்கிய உறவான பிராமிஸடின் நம் நாட்டில் 'ஸோப்ராமைஸின்' என்ற பெயரில் பிரசித்தி பெற்றது. 1963-ல் ஜென்டாமைஸின் வெளிவந்தது. 1990-களில் ஸிப்ரோபிளாக்ஸஸின் கண் சொட்டாக வந்தது. இவற்றின் தயவால் பிழைத்த கண்களுக்குக் கணக்கே கிடையாது. இந்த உண்மையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

மற்றது என்னவென்றால், இந்தக் காவல்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நியோமைஸின் பலருக்கு ஒவ்வாமல் இமையே தடித்துப்போகும். ஜென்டாமைஸின் வகை மருந்துகள் கிருமிக்குள் புரதம் செய்கிற தொழிற்சாலையை நிறுத்துகின்றன. காரமாகவும் நெடுநாளும் விட்டால், அவை கார்னியாவின் மேல்தோல் செல்களின் வேலையையும் கெடுக்கின்றன. புதுச் செல் நகர்ந்து வந்து புண்ணை மூட வேண்டும் அல்லவா? அது தாமதமாகிறது. தோலில் ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாகச் செல்கள் உதிர்கின்றன. ஸிப்ரோபிளாக்ஸஸின் விஷயம் இன்னும் வேடிக்கை. அது புளிப்பான கரைசலில் கரைந்து நிற்கும் மருந்து. கண்ணீரில் புளிப்பு இல்லை. ஆகவே கார்னியாப் புண்ணுக்காக அடிக்கடி விடும்போது, ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அது புண்ணின்மேலேயே வெள்ளைப் பொடியாகப் படிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்குப் பூ விழுந்ததுபோலவே இருக்கும். நல்லவேளை, இது பொய்ப் பூ. பெரும்பாலும் தானே கரைந்துவிடும். குளோராம்பெனிக்கால் கார்னியாவிடம் ஓரளவு பதமாகவே நடந்துகொள்ளும். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் சுரப்பதையே நிறுத்திவிட்டது. கண்ணில் விட்டாலும் அப்படி ஆகுமா என்று 1965-லிருந்து டாக்டர்கள் விவாதித்தார்கள். அமெரிக்காவில் அதைக் கண்டு பயந்தார்கள். இங்கிலாந்திலோ 2005 முதல் சீட்டு இல்லாமலே கடைக்காரர் ஆலோசனையில் விற்க அனுமதித்தார்கள். ஒரே சொட்டுக்கு இரண்டு தேசங்களில் இரண்டு ஜாதகம்!

இனி நம் இரட்டை வேஷக்காரரிடம் வருவோம். சொட்டு மருந்துக் குப்பியை ஒருமுறை திறந்தால், மூக்கு இமையில் படும், விரல் படும், தூசி படும். உள்ளே கிருமி வளராமல் இருக்க ஏதாவது சேர்க்க வேண்டும். அதற்காகப் பல சொட்டு மருந்துகளில் பென்ஸால்கோனியத்தைச் சேர்த்தார்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்கிற சிறிய அளவில்தான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்புக்குக் கிருமியின் மேலுறை என்றும் கண்ணீரின் எண்ணெய்ப் பாடை என்றும் பேதம் தெரியாது. நாலு நாளைக்கு விட்டால் ஒன்றும் தெரியாது. மாசக்கணக்கில் விட்டால் கண்ணீர்ப் பாடை கலைகிறது, கார்னியா காய்கிறது, செல்கள் சேதமாகின்றன.

இங்கேதான் ஒரு விஷ வட்டம் ஆரம்பமாகிறது. கண் சிவக்கிறது, சொட்டு விடுகிறோம். கிருமி இரண்டு மூன்று நாளில் செத்துவிடுகிறது. சிவப்பு மட்டும் போகவில்லை. இப்போது அது மருந்தினால் வந்த சிவப்பு. நமக்கு அது தெரியாதே! இன்னும் விடுகிறோம். இன்னும் சிவக்கிறது. 'இந்த மருந்து போதவில்லை' என்று வேறு குப்பி வாங்குகிறோம். கடைசியில் ஒரு நல்ல கண் டாக்டர் எல்லாக் குப்பிகளையும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, 'எதையும் விடாதீர்கள்' என்கிறார். மருந்தை நிறுத்தியதே மருந்தாகிக் கண் மெல்லத் தெளிகிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டி, தோல் ஆறாமலே கிடந்து தழும்பாகிப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் உண்மையான பூ. இறந்தவர் கொடுத்த கார்னியாவைத் தைத்து வைக்கும் சிகிச்சைக்கு, 1940-களில் சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் முத்தையா அவர்கள் இந்தியாவிலேயே முதல் கண் வங்கியைத் தொடங்கி வழி காட்டினார்கள். ஆனால் இன்னொருவர் கண்ணுக்காகக் காத்திருக்கும் வரிசை சுந்தரர் நடந்த வழியைப்போல நீளமானது.

எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி என்றவுடன் இன்னொரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. 1819-ல் தோன்றிய அந்த ஆஸ்பத்திரி உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே பணியாற்றிய கிர்க்பாட்ரிக் என்ற டாக்டர், சென்னையில் பரவிய ஒரு கண் நோயைப் பற்றி, கார்னியாவில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுவதை விவரித்து, 1920-ல் ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரஸினால் வருவது என்று இன்று தெரியும். வைரஸை எந்த ஆண்டிபயாடிக்கும் கொல்லாது. இருந்தும் 2022 மழைக்காலத்தில் மெட்ராஸ் ஐ பரவியபோது, டாக்டரைப் பார்க்காமல் கடையில் மருந்து வாங்கி விடவேண்டாம் என்று ஜனங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. எதிரி இல்லாத ஊரில் காவல்படையை இறக்கினால் அது உள்ளூர்க்காரனைத்தான் அடிக்கும்.

'அப்படியானால் இந்த மருந்தே வேண்டாமே' என்று தோன்றலாம். அவசரப்பட வேண்டாம். நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2001-ல் வெளியாயிற்று. வயலில், வீட்டில், வேலையில் கார்னியாவில் கீறல் பட்ட 442 பேருக்கு, ஊரிலேயே பயிற்சி பெற்ற ஊழியர்கள் குளோராம்பெனிக்கால் களிம்பு போட்டார்கள். நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள், அவ்வளவுதான். 424 பேருக்குக் கிருமி பிடிக்காமலே ஆறியது. அடிபட்டுப் பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. பிறகு நம் மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே முறையைச் செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள். மதுரையில் 1994-ல் மூன்று மாதத்தில் வந்த 434 கார்னியாப் புண்காரர்களில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, பூஞ்சை. அந்தப் பாதிப் பேருக்குச் சாதாரண ஆண்டிபயாடிக் சொட்டு பிரயோசனப்படாது. அதோடு ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்துவிட்டாலோ, சிவப்பு உடனே அடங்கும். உள்ளே பூஞ்சை விருந்து சாப்பிடும். நாமும் 'நல்ல மருந்து' என்று சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டிருப்போம்.

சரி, பென்ஸால்கோனியம்தானே குற்றவாளி, அதை எடுத்துவிட்டால் என்ன? அதற்கும் நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் உள்ள ஓர் ஆலையில் செய்து அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீர் மருந்து ஒன்றை 2023 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அது பலமுறை திறந்து மூடும் குப்பி. ஆனால் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. அங்கே திறந்த குப்பிகளில், பெரும்பாலான ஆண்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஒரு கிருமி இருந்தது. 2023 மே மாதக் கணக்கில், அந்தக் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரைத் தொற்றியிருந்தது. 14 பேர் பார்வை இழந்தார்கள். 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்தார்கள். அமெரிக்க அதிகாரிகள் ஆலைக்கு வந்து பார்த்துப் பல குறைகளை எழுதினார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோ, தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது. அந்த வழக்கு எப்படியானாலும், வில்லனை மேடையிலிருந்து இறக்கிவிட்டால் நாடகம் சுகமாக முடிந்துவிடாது என்பது மட்டும் நிச்சயம். தடுப்புப் பொருள் இல்லாத மருந்தை ஒரே வேளைக்கான சின்னக் குழலில் அடைப்பதுதான் இதற்கு ஒரு வழி. அதற்கு விலை கூடுதல்.

ஆக, நூற்று நாற்பது வருஷத்துச் சரித்திரமும் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது. மூன்று நாள் போட்ட குளோராம்பெனிக்கால் கண்ணைக் காத்தது. மூன்று மாதம் விட்ட மருந்து கண்ணைப் புண்ணாக்கியது. மருந்தின் குணம் பாதி அதன் சரக்கில் இருக்கிறது. மீதிப் பாதி நாள்கணக்கில் இருக்கிறது. சரக்கைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நாளை நாம்தான் எண்ண வேண்டும். சட்டமும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. மேல்தோலில் பூசும் பல களிம்புகளுக்கு விலக்குக் கொடுத்த நம் மருந்துச் சட்ட விதிகள், ஆண்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ சேர்ந்த கண் மருந்துக்கு அந்த விலக்கைக் கொடுக்காமல், டாக்டர் சீட்டுக்கு விற்கும் பட்டியலில் நிறுத்தியிருக்கின்றன. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. குப்பி கடையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டையே முழுசாகப் பிடித்து வைத்துக்கொள்ளக் கண்ணில் இடம் கிடையாது. கொஞ்சம் கன்னத்தில் வழிந்தே தீரும். இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்று விட்டால் பலன், இரண்டு விட்டால் இரட்டைப் பலன் என்கிற வியாபாரக் கணக்குக்குக் கண் கட்டுப்படுவதில்லை. திறந்த குப்பியை ஒரு மாதத்தில் எறிந்துவிடச் சொல்லி அதன்மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரிகளிலோ போன வருஷத்துக் குப்பிகள் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன, அடுத்த சிவப்புக்காக.

பாடிப் பட்டறைப் பையனுக்கு இத்தனை சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆணியில் தொங்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்ல ஒரு முதலாளி வேண்டும். தூள் விழுந்த அன்றைக்கே, கூலி போகாமல், கண் டாக்டரிடம் போய்வர அரை நாள் விடுமுறை வேண்டும். பதினெட்டு மணி நேரம் என்ற கணக்கு இருக்கிறதே, அதில் ஒரு ஷிப்டு முடிந்துவிடும். மிச்சம் இருப்பது ஒரு ராத்திரி மட்டும்.